ஓடிப்போறவங்களுக்கு எதுக்குங்க பட்டு?

வீட்டுக்குத் தெரியாமல் கல்யாணம் செய்துகொள்ளப் போகிற பெண், முதல் நாள் ராத்திரி எதைப் பற்றியெல்லாம் கவலைப்பட வேண்டும்? சாட்சிக் கையெழுத்துப் போடுகிறேன் என்ற தோழி நிஜமாகவே வருவாளா? வயதுச் சான்றிதழ் கைவசம் இருக்கிறதா? அடுத்த மாத வாடகைக்கு என்ன வழி? இத்தனையையும் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்கிறது இன்னொரு கவலை: 'பட்டுப்புடவைக்கு என்ன பண்றது?'

சிரிக்காதீங்க. அந்தக் கவலையை அவள் தலையில் ஏற்றி வைத்தது நாம்தான். 'பட்டுகூட கட்டாம, அநாதை மாதிரி தாலி கட்டிக்கிட்டாளாம்' என்று பின்னால் பேசப்போகிற வாய்கள் நம்முடையவை. அந்த வாய்களுக்குப் பயந்துதான், ஊரை எதிர்த்துக் கிளம்புகிற பிள்ளைகள்கூட ஊர் சொல்லும் சீருடையைத் தேடி அலைகிறார்கள்.

என் கட்சி இதுதான். வெட்டவெளியில், மலைக்கோயில் வாசலிலோ மரத்தடியிலோ, அவசரமாக நடக்கப்போகிற கல்யாணத்துக்குப் பட்டு என்பது வெறும் வீண்செலவு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

முதலில் சட்டம். 1967-ல் அண்ணா ஆட்சியில் இந்து திருமணச் சட்டத்தில் 7ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். உறவினர், நண்பர் அல்லது வேறு யாராவது முன்னிலையில், 'இவரைக் கணவராக ஏற்கிறேன், இவரை மனைவியாக ஏற்கிறேன்' என்று புரிகிற மொழியில் சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், தாலி கட்டலாம். புரோகிதர்கூடக் கட்டாயமில்லை. ஊரைக் கூட்டிப் பகிரங்கமாக நடத்த வேண்டிய அவசியமும் இல்லை என்று 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது. பெண்ணுக்கு 18, பையனுக்கு 21 முடிந்திருக்க வேண்டும் என்று கேட்கிற சட்டம், ஜரிகை எத்தனை அங்குலம் என்று எங்கேயும் கேட்கவில்லை.

அடுத்து, இடம். திருத்தணிக்குப் போனவர்களுக்குத் தெரியும், 365 படிகள். நல்ல காஞ்சிபுரம் பட்டு என்பது கெட்டி நெசவு, பட்டு இழையில் வெள்ளியைச் சுற்றித் தங்க முலாம் பூசிய ஜரிகை. ஏ.சி. மண்டபத்தில், நாலு பேர் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்து நடத்திக் கூட்டிப்போக அது சரி. சித்திரை வெயிலில், கால் சுடச் சுட, பக்கத்தில் அத்தையோ சித்தியோ இல்லாமல் ஒரு பெண் அதைக் கட்டிக்கொண்டு ஏறிப் பார்க்கட்டும். பாதிப் படியில் கொசுவம் அவிழும். வியர்வை பட்ட இடம் கறையாகும். தூறல் விழுந்தால் அந்தச் சொட்டுகூட அடையாளம் வைத்துவிட்டுப் போகும்.

'அதான் விலை கம்மியில பட்டு மாதிரியே கிடைக்குதே!' என்பார்கள். பாலியெஸ்டர். அது இன்னும் மோசம். வெட்டவெளியில் ஓமம் வளர்த்தால் காற்று எந்தப் பக்கம் திரும்பும் என்று ஐயருக்கும் தெரியாது. பருத்தியிலும் தீப்பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால், செயற்கை நூல் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். விலை குறைவு என்று வாங்குகிற புடவைக்கு இப்படியும் ஒரு விலை இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, கண்ணில் படாமல் இருப்பது. காலை ஆறு மணி பஸ்ஸில் பட்டும் நெற்றிச்சுட்டியும் தலை நிறையப் பூவுமாக ஒரு பெண் ஏறினால் என்ன ஆகும்? கண்டக்டரிலிருந்து கடைசி சீட் தாத்தா வரைக்கும் ஞாபகம் வைத்திருப்பார்கள். தேடி வருபவர்களுக்கு வேறு துப்பு எதற்கு? 2016 மார்ச்சில், உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில், நடுரோட்டில் சங்கரை வெட்டிக் கொன்ற ஊர் இது. ஜாதி மாறிக் கட்டிக்கொள்பவர்களுக்கு உடை என்பது அழகு சமாச்சாரம் மட்டுமில்லை.

அப்புறம் என்னதான் கட்டுவது?

நல்ல கைத்தறிப் பருத்திப் புடவை. செட்டிநாட்டுக் கண்டாங்கி, நெகமம், மதுரைச் சுங்குடி, எது பிடிக்கிறதோ அது. கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டுங்கள். நாலு ஊக்கு குத்துங்கள். பழகிய செருப்பு போடுங்கள், புதுச் செருப்பு வேண்டாம். புடவை பழக்கமில்லையா? சுடிதாரில் தாலி கட்டினாலும் தாலி, தாலிதான்.

பையனுக்கும் இதேதான். பட்டு வேட்டி இடுப்பில் நிற்காது. பருத்தி வேட்டியும் பெல்ட்டும், அதுவும் சரிவராது என்றால் ஒட்டிக்கோ வேட்டி, அதுவும் முடியாவிட்டால் பேன்ட். சட்டையில் மூடி வைத்த பாக்கெட் இருக்கட்டும். அடையாள அட்டை, சான்றிதழ் நகல், போன், பணம் எல்லாம் உடம்போடு இருக்க வேண்டும். பையைத் தொலைத்துவிட்டுக் கல்யாணத்தைப் பதிவு செய்ய முடியாது. 90 நாட்களுக்குள் பதிய வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2009-லேயே சட்டம் வந்துவிட்டது.

நகை? வீட்டு நகை ஒரு குண்டுமணிகூட வேண்டாம். 'பொண்ணைக் காணோம்' என்கிற புகார், 'நகையோடு காணோம்' என்று மாற எவ்வளவு நேரம் ஆகும்? காதலித்தவனைத் திருடனாக்க அந்த ஒரு சங்கிலி போதும். அம்மாவின் பீரோவிலிருந்து எடுத்த பட்டுக்கும் இதே கதிதான்.

பி.காம். படித்தவன் என்பதால் கணக்கும் சொல்லிவிடுகிறேன். இருவர் கையிலும் சேர்த்து முப்பதாயிரம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். புடவை, ரவிக்கைத் தையல், பட்டு வேட்டி என்று பதினைந்தாயிரம் போய்விட்டால் மிச்சம் பாதி. அதில் வீட்டு அட்வான்ஸ் கொடுப்பீர்களா, அடுப்பு வாங்குவீர்களா, வேலை கிடைக்கும் வரை சாப்பிடுவீர்களா? பீரோவில் தூங்குகிற பட்டு, கணக்குப் புத்தகத்தில்தான் சொத்து. அவசரத்துக்கு விற்கப் போனால் கடைக்காரர் வேறு விலை சொல்வார். அந்தப் பதினைந்தாயிரம் கையில் இருந்தால் 'திரும்பி வந்துடு' என்ற போனுக்கு இன்னும் இரண்டு மாதம் துணிச்சலாகப் பதில் சொல்லலாம். காதல் தோற்கிற பல இடங்களில் ஜாதிக்குப் பக்கத்தில் காசும் நிற்கிறது, மறந்துவிடாதீர்கள்.

'வாழ்க்கையில ஒரே தடவை... போட்டோ நல்லா இருக்க வேணாமா?' என்பார்கள். இந்த ஆசையைக் காசாக்க ஒரு வியாபாரமே இருக்கிறது. 'எலோப்மென்ட் வெட்டிங்' என்று பெயர். அப்பா அம்மா ஆசீர்வாதத்தோடு, டிரோன் கேமராவோடு, மலை உச்சியில் தரை புரளும் லெஹங்காவில் 'ஓடிப்போவார்கள்'. நல்லா இருக்கட்டும், வயிற்றெரிச்சல் இல்லை. அதை ஓடிப்போவது என்று சொல்லாதீர்கள், அவ்வளவுதான். நிஜமாகவே ஓடுகிறவர்கள் அந்தப் போட்டோக்களைப் பார்த்து ஏங்கி, வாடகைக்காவது ஒரு பட்டு கிடைக்குமா என்று தேடுவதுதான் கொடுமை.

'பட்டுதானே நம்ம பாரம்பரியம்?' என்று ஒரு கோஷ்டி வரும். கல்யாணப் புடவைக்குக் கூறைப்புடவை என்று பெயர். அதற்குப் பேர்போன கூறைநாடு மாயவரத்தில் இருக்கிறது. அங்கே நெய்தது பட்டும் பருத்தியும் கலந்த கட்டம் போட்ட புடவை. முழுப் பட்டு அல்ல!

இன்னும் பின்னால் போகலாமா? உடன்போக்கு என்று சங்க இலக்கியத்தில் ஒரு துறையே இருக்கிறது. நற்றிணையின் 12-ஆம் பாட்டில், ஒரு பெண் காதலனோடு கிளம்ப விடியற்காலையில் தயாராகிறாள். உடம்பை மறைத்துக்கொள்கிறாள். காலில் இருக்கும் பரல் போட்ட சிலம்பைக் கழற்றித் தான் விளையாடிய பந்தோடு வைக்கிறாள். அதைப் பார்த்துத் தோழிகள் வருந்துவார்களே என்று அழவும் செய்கிறாள். ஆசை இல்லாமலா கழற்றினாள்? சத்தம் போடுகிற நகை இந்தப் பயணத்துக்கு உதவாது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முந்தைய பெண்ணுக்கு இருந்த தெளிவை, இன்று அழித்துக்கொண்டிருப்பது நாம்தான்.

'ஓடிப்போகச் சொல்லித் தர்றீங்களா சார்?' என்று கடிதம் எழுதப்போகிறவர்களுக்கு: வயது வந்த இருவர் தாங்களே முடிவு செய்து கல்யாணம் செய்துகொள்ளலாம், அவர்களுக்குப் போலீஸ் பாதுகாப்பு தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லியிருக்கிறது. நான் சொல்லித் தருவது, போகிறவர்கள் படியில் தடுக்கி விழாமல் இருக்கத்தான்.

நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. ஆளுக்கு ஆயிரம் போட்டு மணப்பெண்ணுக்குப் பட்டு எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்தப் பணத்தை வீட்டு அட்வான்ஸுக்குக் கொடுங்கள்.

பெற்றவர்களுக்கும் ஒன்று. மகளைப் பட்டில் பார்க்க வேண்டும் என்று அவள் பிறந்த நாளிலிருந்து கனவு கண்டிருப்பீர்கள். தப்பே இல்லை. நீங்களே கடைக்குக் கூட்டிப்போய், அவளுக்குப் பிடித்த நிறத்தில் எடுத்துக் கொடுத்து, அவளுக்குப் பிடித்த பையனுக்கே கட்டிவையுங்கள். அப்போது அவள் ஏன் விடியற்காலை பஸ்ஸில் பருத்திப் புடவையோடு ஏறப்போகிறாள்?