'ஒரே ஒரு பீர்தானே?': பெல்ஜியம் பீர் பாட்டிலில் ஒளிந்திருக்கும் கணக்கு

பொதட்டூர்பேட்டையில இருந்து வார இறுதிக்கு நண்பர்களோட பெங்களூரு போறீங்க. மெனு கார்டில் கிராஃப்ட் பீர், பெல்ஜியம் பீர்னு புதுப்புது பெயர்கள். "பீர்தானே, என்ன ஆகிடப் போகுது?" என்று நினைத்தால், இதைப் படிச்சிட்டுப் போங்க.

கிராஃப்ட் பீர் என்றால் என்ன?

சிறிய ஆலைகளில், குறைந்த அளவில் காய்ச்சப்படும் பீர். பெங்களூருவில் பல பப்களில் அங்கேயே காய்ச்சி, அங்கேயே ஊற்றித் தருகிறார்கள். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை மது விற்பனை டாஸ்மாக் வசம். நம்ம ஊர் கடையில் கிடைப்பது பெரிய ஆலைகளின் பாட்டில் பீர்தான்.

பெல்ஜியம் பீரில் என்ன ஸ்பெஷல்?

'விட்பியர்' வகையில் கோதுமையோடு கொத்தமல்லி விதை, ஆரஞ்சுத் தோல் சேரும். ஆல்கஹால் சுமார் 5%. 'டிரிப்பெல்' வகை வேற லெவல். துறவி மடத்தில் தயாராகும் வெஸ்ட்மாலே டிரிப்பெலில் 9.5%.

கணக்கு எங்கே இடிக்குது?

650 மி.லி. பாட்டில், 5% பீர்: சுத்த ஆல்கஹால் 32.5 மி.லி.
330 மி.லி. டிரிப்பெல், 9.5%: சுமார் 31 மி.லி.

அதாவது, கையில் இருப்பது சின்ன பாட்டில். உள்ளே போவது கிட்டத்தட்ட ஒரு பெரிய பாட்டில் சரக்கு!

வண்டி ஓட்டலாமா?

கூடவே கூடாது. 100 மி.லி. ரத்தத்தில் ஆல்கஹால் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே குற்றம். முதல்முறை சிக்கினால் 6 மாதம் வரை சிறை, ரூ.10,000 அபராதம் அல்லது இரண்டும். காபி குடித்தாலும், குளித்தாலும் ரத்தத்தில் உள்ள ஆல்கஹால் வேகமாக இறங்காது. நேரம் ஆனால்தான் இறங்கும்.

எனவே பீர் பெயரைப் பார்ப்பதற்கு முன், லேபிளில் சதவீதத்தைப் பாருங்க. சாவியை, குடிக்காத நண்பரிடம் கொடுங்க.

மது அருந்துதல் உடல்நலத்திற்குக் கேடு.