எஞ்சின் விலை பாதிக் கணக்கே

எஞ்சினை மாற்றினால் வேன் புதிதாகிவிடும் என்பது மாவடிப்பள்ளியிலிருந்து கல்முனை வரை கராஜ்களில் வேதவாக்கு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் தனியார் வாகனங்களுக்குத் திறக்கும்வரை பழைய டொல்பின் வேனைக் கட்டிக்காப்பதைத் தவிர வழியிருக்கவில்லை, மறுக்கவில்லை. ஆனால், ஜப்பானிலிருந்து வரும் பாவித்த எஞ்சினுக்குச் சொல்லும் விலையோடு செலவு முடிவதில்லை. கிளட்ச், ரேடியேட்டர், கூலி எல்லாம் பின்னால் வரும். 2.8 லீட்டர் 3எல் எஞ்சின் இருந்த இடத்தில் வேறு வகையை ஏற்றினால் கியர்பெட்டியும் வயரிங்கும் சேரும். பதிவுப் புத்தகத்தில் எஞ்சின் இலக்கம் மாறாவிட்டால் விற்கும் நாளில் வில்லங்கம். மனைவியின் நகையை அடகுவைத்து வருபவரிடம் இதையெல்லாம் யார் சொல்கிறார்? சிலிண்டர் ஹெட்டைக் கழற்றிப் பாராமலே 'மாற்று' என்பவர் மெக்கானிக் அல்லர், தரகர். முதலில் வேனை ஜாக்கியில் தூக்கி அடிப்பகுதியைத் தட்டிப் பாருங்கள். உப்புக்காற்றின் துரு உதிர்ந்தால், பழைய எஞ்சினையே பழுதுபார்த்து ஓடுங்கள்.