மெஷின் சொன்னால் சரியா?

ஆம்பூர் நண்பரின் மகன், காலேஜ் மாணவன். காய்ச்சலோடு தாங்க முடியாத தலைவலி. மூளைக்காய்ச்சலோ என்ற சந்தேகத்தில் முதுகுத் தண்டிலிருந்து நீர் எடுத்தார்கள். லேப் ரிப்போர்ட் வந்தது: வெள்ளை அணுக்கள் 14.

டாக்டர் அனுபவசாலி. ‘மைக்ராஸ்கோப்பில் எண்ணினீர்களா?’ என்று கேட்டனுப்பினார். லேப் பையன் சொன்னான்: ‘‘அத்தனை லட்சம் கொடுத்து வாங்கின மெஷின் சார், தப்பா சொல்லுமா?’’

வற்புறுத்தியதும் கண்ணால் பார்த்து எண்ணினார்கள். 4.

பெரியவர்களுக்கு 1 மைக்ரோலிட்டர் தண்டுவட நீரில் 5 வெள்ளை அணுக்கள் வரை இயல்பு. பதினாலு என்றால் குடும்பமே ஆஸ்பத்திரி வராந்தாவில் படுக்க வேண்டியதுதான்.

நான் பி.காம். படித்தவன். எனக்குப் புரிகிற கணக்கு இது: லட்ச ரூபாய் வரவு செலவில் பத்து ரூபாய் உதைத்தால் யாருக்கும் தூக்கம் கெடாது. இருபது ரூபாய் கல்லாவில் பத்து ரூபாய் உதைத்தால்? ரத்தத்தில் அதே 1 மைக்ரோலிட்டரில் வெள்ளை அணுக்கள் 4,000 முதல் 11,000 வரை. மெஷின்கள் அதற்காகப் பிறந்தவை. அமெரிக்கர் வாலஸ் கோல்ட்டர் 1953-ல் காப்புரிமை பெற்ற முறையில், சின்னத் துளை வழியே அணு போகும்போது மின்தடை மாறும், அதை எண்ணுவார்கள். குப்பை போனாலும் மாறும். பூஞ்சைக் காளான் செல் போனாலும் மாறும். நெஞ்சு நீரிலும் வயிற்று நீரிலும் புற்றுநோய் செல் இருந்தால் அதன் முகத்தைப் பார்க்கக் கண்தான் வேண்டும்.

மெஷினே வேண்டாம் என்று சொல்லவில்லை. கண்ணால் எண்ணுவதும் ஆளுக்கு ஆள் மாறும். களைத்த கண் தப்பு செய்யும். உடல் திரவங்களுக்கென்றே தனி வசதி உள்ள மெஷின்கள் இருக்கின்றன. ஆனால், எத்தனைக்குக் கீழே மெஷினை நம்பக்கூடாது என்பதை ஒவ்வொரு லேபும் சோதித்து வைத்திருக்க வேண்டும். ரத்தவியல் தரப்படுத்தலுக்கான சர்வதேசக் குழு இதற்கு 2014-லேயே வழிமுறை வெளியிட்டுவிட்டது. நம் ஊரிலோ லேப்களுக்குத் தர அங்கீகாரம் என்பதே விருப்பப்பட்டால் வாங்கிக்கொள்கிற சமாச்சாரம்!

ஆம்பூர் தொழிற்சாலையில் தோலின் பரப்பை மெஷின் அளக்கும். தரம் பிரிக்க, அனுபவசாலி ஒருவர் வெளிச்சத்தில் விரித்துத் தடவிப் பார்ப்பார். ஷூ தோலுக்குக் கிடைக்கிற அந்த மரியாதை, ஷூ தைப்பவரின் தண்டுவட நீருக்குக் கிடையாதா?

தோல் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில், 1996-ல் சுப்ரீம் கோர்ட் ‘முன்னெச்சரிக்கைக் கோட்பாடு’ இந்தியச் சட்டத்தின் பகுதி என்றது. இந்த மண்ணின் வழக்கு அது. ஆற்றுக்குச் சொன்னது ஆளுக்கும் பொருந்தட்டும்.

கேட்பது இரண்டே இரண்டு. எண்ணியது மெஷினா, கண்ணா என்று ரிப்போர்ட்டில் அச்சடியுங்கள். எண்ணிக்கை குறைவாகவோ சந்தேகமாகவோ இருந்தால் மைக்ராஸ்கோப்பில் பாருங்கள்.

இதைச் செய்யாத லேபில் பில்லை மட்டும் ஏன் இரண்டு தடவை சரிபார்க்கிறார்கள்?