முதற் சாட்சியமே தீர்ப்பாகாது

ஈரலிற் புற்றுநோய் என்று வைத்தியர் சொன்ன மாத்திரத்திலே ஒரு குடும்பம் நிலைகுலைந்து போகின்றது. வல்வெட்டித்துறையிலிருந்து மந்திகைக்கும், மந்திகையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கும், பின்னர் கொழும்புக்கும், இயன்றவர்கள் சென்னைக்குமாக ஓடுகின்றனர். தாலிக்கொடி ஈடு போகின்றது. முதுசக் காணி விலைபோகின்றது. இத்தகைய வேளையிலே, புதியதொரு சத்திரசிகிச்சை வந்திருக்கின்றது, அதன் முதல் முடிவுகள் வியக்கத்தக்கவை என்று எவர் சொன்னாலும் அது தெய்வவாக்காகவே கேட்கும். அவ்வாக்கை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை நம் மக்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

உடலுறுப்புகளுள் ஈரலுக்குத் தனிச் சிறப்புண்டு. நலமான ஈரலில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கை வெட்டி அகற்றினாலும், எஞ்சிய பங்கு, வெட்டி நட்ட கதியால் துளிர்ப்பதுபோல, சில வாரங்களிற் பருத்து முழு வேலையையும் ஏற்றுக்கொள்ளும். ஆனால் எஞ்சும் பங்கு மிகச் சிறிதாயின், ஈரல் செயலிழந்து நோயாளி மாளவும் கூடும்.

இவ்விடரைக் கடப்பதற்கு, நோயுற்ற பக்கத்துக்குக் குருதி கொண்டுசெல்லும் குழாயை அடைத்துவிட்டு, மறுபக்கம் வளரும்வரை பல வாரங்கள் காத்திருப்பது பழைய முறை. அவ்விடைவேளையிற் புற்று பரவிவிடுவதும் உண்டு. 2007ஆம் ஆண்டில் ஜேர்மனியின் றேகன்ஸ்பேர்க் நகரிலே வேறொரு வழி பிறந்தது. முதற் சிகிச்சையிற் குழாயைக் கட்டுவதோடு ஈரலையும் இரண்டாகப் பிளந்து உள்ளேயே விட்டுவைத்து, சில நாள்களின் பின்னர் நோயுற்ற பக்கத்தை எடுத்துவிடுவதே அவ்வழி. 2012இல் வெளியான முதல் அறிக்கை 25 நோயாளரைப் பற்றியது. எஞ்சவேண்டிய பங்கு ஏறத்தாழ ஒன்பது நாள்களில் 74 வீதம் பருத்ததாக அது கூறிற்று. சத்திரசிகிச்சை உலகம் வியந்தது. எனினும், அந்த இருபத்தைவரில் மூவர் வைத்தியசாலையிலேயே இறந்தனர் என்பதும் அதே அறிக்கையில் எழுதப்பட்டிருந்தது.

வழக்காளியின் முதல் விசாரணை முடிந்தவுடன் எந்த நீதிபதியும் தீர்ப்பு எழுதுவதில்லை. குறுக்கு விசாரணை உண்டு. எதிராளியின் சாட்சியமும் உண்டு. வைத்திய ஆராய்ச்சிக்கும் இதுவே நியாயம். புதிய முறையைக் கையாண்டோர் தம் நோயாளர் அனைவரையும் பதிவதற்கென 2012இலேயே அனைத்துலகப் பதிவேடொன்று திறக்கப்பட்டது. கரைசேர்ந்த கப்பல்களை மட்டும் எண்ணிக் கடலின் குணத்தைக் கணிக்கும் தண்டையல் எவருமில்லை என்பதை, 1938இல் அன்னபூரணி அமெரிக்காவை அடைந்த பெருமையைப் பேசும் வல்வெட்டித்துறைக்கு நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அப்பதிவேட்டிலிருந்து 2014இல் 202 நோயாளரின் விவரம் வெளிவந்தது. தொண்ணூறு நாள்களுக்குள் நூற்றுக்கு ஒன்பது பேர் இறந்திருந்தனர். அறுபது வயதைக் கடந்தோர்க்குக் கடுஞ் சிக்கல்கள் மிகுதி என்பதும் வெளியாயிற்று.

பின்னர் ஸ்கந்திநேவிய நாடுகளில், பெருங்குடலிலிருந்து ஈரலுக்குப் புற்று பரவிய 100 நோயாளரை, சீட்டுப் போடுவது போல, எவர் விருப்பமும் தலையிடாவண்ணம் இரு பிரிவாக்கிச் சோதித்தனர். புதிய முறையில் 92 வீதத்தினருக்கும் பழைய முறையில் 57 வீதத்தினருக்கும் புற்றை அகற்ற முடிந்தது; இறப்பிற் பெரிய வேறுபாடில்லை என்று 2018இல் அறிவித்தனர். உயிர்வாழ்ந்த காலத்தின் நடுமதிப்பு முறையே 46 மாதமும் 26 மாதமும் என்பது 2021இல் வெளியாயிற்று. ஆகவே, முதல் அறிக்கையின் நம்பிக்கை ஒரு சாரார்க்கு மெய்யாயிற்று. அதை மெய்யாக்கியது முதல் வியப்பன்று. ஒன்பது ஆண்டுக் குறுக்கு விசாரணையே.

இலங்கையிலும் 2006ஆம் ஆண்டு முதல் மருத்துவச் சோதனைகளுக்கான பதிவேடு உண்டு. பதிவேடு மட்டும் போதாது. நோயாளியின் சம்மதம் அவருக்கு விளங்கும் மொழியிற் பெறப்படாவிடின், அது சம்மதமாகாது, வெறும் கைநாட்டே. தமிழ் இதற்கு ஏற்ற மொழியன்று என்று எவரும் சொல்ல முடியாது. மானிப்பாயில் வைத்தியங் கற்பித்த சாமுவேல் கிறீன் 1867இலேயே 'இரணவைத்தியம்' என்ற சத்திரசிகிச்சை நூலைத் தமிழிலே வெளியிட்டார். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் மாணவருக்குத் தமிழில் விளக்க முடிந்ததை, இன்று கத்தியின் கீழ்ப் படுக்கப்போகும் கமக்காரனுக்குத் தமிழில் விளக்க முடியாதென்பது ஏற்கத்தக்கதன்று. ஒவ்வொரு பெரிய சத்திரசிகிச்சைக்கும் அதன் பயனும் இடரும் மாற்று வழியும் தமிழில் எழுதி நோயாளி கையிற் கொடுக்கப்படல் வேண்டும். சுகாதாரப் பகுதியினரிடம் நாம் சலுகை கேட்கவில்லை, உரிமையையே கோருகின்றோம்.

மக்களுக்கும் கடமையுண்டு. இம்முறையை எத்தனை பேருக்குச் செய்தீர்கள், அவர்களில் எத்தனை பேர் இறந்தனர், என் வயதும் நோயும் உள்ளவர்க்குப் பலன் யாது, செய்யாவிடின் என்னவாகும் என்ற நான்கு கேள்விகளை வைத்தியரிடம் பணிவுடனும் அச்சமின்றியும் கேளுங்கள். நேர்மையான வைத்தியர் இவற்றுக்குச் சினங்கொள்ளார். காணி உறுதியிற் கையொப்பமிடுமுன் அதை வாசித்துக் காட்டும்படி கேட்கும் நாம், உயிரை ஒப்படைக்கும் பத்திரத்தை வாசியாமல் ஒப்பமிடலாகாது.