கரிப்பெட்டியைக் கண்ட சிறுமி



லயத்து வீட்டில் சிரட்டைக் கரியை மூட்டி, இஸ்திரிப் பெட்டியை ஆட்டி ஆட்டிக் கனல வைத்துப் பள்ளிச் சட்டைக்குப் பெட்டி போட்ட காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். வெள்ளைச் சட்டையில் சாம்பல் விழுந்து நான் வாங்கிய ஏச்சு எனக்கு இன்னும் மறக்கவில்லை. ஆனால், ‘இந்தக் கரி இல்லாமல் முடியாதா?’ என்று கேட்க நமக்குத் தோன்றியதா? மின்சாரம் வந்தது, பெட்டி மூலைக்குப் போனது. அவ்வளவுதான்!

தமிழ்நாட்டின் திருவண்ணாமலையில் ஒரு சிறுமிக்குத் தோன்றியது. பெயர் வினிஷா உமாசங்கர். அப்போது வயது 12. நம் கணக்கில் ஆறாம் ஆண்டுப் பிள்ளை. பள்ளி விட்டு வரும் வழியில், தள்ளுவண்டியில் துணி தேய்ப்பவர் எரிந்த கரியைக் குப்பையில் கொட்டுவதைக் கண்டாள். தன் வட்டாரத்தில் இப்படி எத்தனை வண்டிகள் என்று எண்ணிப் பார்த்தாள். அந்தப் புகையைத் தினமும் சுவாசிப்பவரின் நெஞ்சு என்னாகும், கரிக்காக எத்தனை மரம் போகும் என்று யோசித்தாள்.

வண்டிக் கூரையில் சூரிய ஒளித் தகடு. அது தரும் மின்சாரத்தில் பெட்டி சுடும். மிஞ்சியது பேட்டரியில் சேரும். ஐந்து மணி நேர நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் தேய்க்கலாம். மற்றவர் கைப்பேசிக்கு மின்னேற்றிக் கொடுத்து நாலு காசு கூடுதலாகப் பார்க்கவும் அதில் வழி வைத்தாளே, அந்த இடம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. வண்டிக்காரரின் மடியையும் நினைத்த பிள்ளை!

அப்துல் கலாம் பெயரில் இந்தியாவின் தேசியப் புத்தாக்க அறக்கட்டளை பள்ளி மாணவர்களுக்கு நடத்திய ‘இக்னைட்’ போட்டியில் 2019ஆம் ஆண்டு இதற்குப் பரிசு கிடைத்தது. அங்கே கேட்டது யோசனையைத்தான். முழு வண்டியைச் செய்ய அறக்கட்டளையின் பொறியாளர்கள் உதவினார்கள். 2020இல் சுவீடன் நாட்டின் சிறுவர் பருவநிலைப் பரிசாக ஒரு லட்சம் குரோனர். மறு ஆண்டு கிளாஸ்கோவில் உலகத் தலைவர்கள் முன் பேசினாள்.

இனி நம் கதைக்கு வருவோம். பள்ளியில் அறிவியல் விழா என்று கடிதம் வந்ததும், “எவ்வளவு செலவாகும்?” என்றுதான் முதலில் கேட்கிறோம். வசதி உள்ளவர் கடையில் வாங்கிக் கொடுக்கிறார். கைவேலை தெரிந்த அப்பா இரவெல்லாம் விழித்துத் தாமே ஆணி அடிக்கிறார். மறுநாள் நடுவர், “இது ஏன் இப்படிச் சுற்றுகிறது?” என்று கேட்டால், பிள்ளை அப்பாவின் முகத்தைப் பார்க்கிறது! கோபிக்காதீர்கள், நானும் அப்படி ஒரு காற்றாலை செய்து கொடுத்தவன்தான்.

அடுத்த கடிதம் வரும்போது, ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை மட்டும் கொடுங்கள். ஒரு வாரம், போகும் வழியிலும் வீட்டிலும் யார் எதற்குச் சிரமப்படுகிறார்கள் என்று பிள்ளை எழுதட்டும். பால் வாளி சுமக்கும் அம்மாவின் தோள்வலியும் அதில் வரலாம். “உனக்கேன் அந்த வேலை?” என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிள்ளை எழுதியதில் ஒன்றிரண்டை எனக்கும் அனுப்புங்கள், இந்தப் பகுதியில் பேசுவோம்.