சலாம் செய்யும் மகவு

எமது குயிலாப்பாளையத்தில், சென்ற கோடை விடுமுறையின்போது யான் கண்டது இது. ஆறு திங்கள் நிரம்பிய ஆண்மகவொன்று, துயில் நீங்கியவுடன் தலை கவிழ்ந்து, இரு கைகளையும் முன்னே வீசி, உடல் குனிந்து நிமிர்ந்தது. இவ்வாறே பத்துப் பன்னிரண்டு முறை. “என் பேரன் சலாம் வைக்கிறான்” என்று பாட்டியார் மகிழ்ந்தார். இரண்டு திங்கள் சென்றன. அம்மகவு தாய்முகங் கண்டு நகைத்தலையும் மறந்தது.

அஃது ஒருவகை வலிப்பென்று வைத்தியர் கூறியபோது சுற்றத்தார் இசைந்தாரல்லர். வலிப்பென்றால் விழுந்து துடிக்கவேண்டும், கையில் இரும்புச் சாவியைத் திணிக்கவேண்டும் என்பதன்றோ நம்மவர் கொள்கை! “பால் குடிக்கும் பிள்ளைக்கு வலிப்பு மருந்தா? மூளை மழுங்கிவிடும்” என்றனர். இவ்வச்சம் முற்றும் பொய்யன்று. பினோபார்பிட்டால் அறிவை மந்தப்படுத்தல் கூடும். இரண்டு வயதிற்குட்பட்டார் சிலர்க்கு வால்புரோவேட் ஈரலைக் கெடுத்தலும் உண்டு. காய்ச்சலோடு வந்து விரைவில் நீங்கும் சாதாரண வலிப்பிற்கு நாடோறும் மருந்து வேண்டுவதுமில்லை. ஆயினும் எல்லா வலிப்பையும் ஒருதன்மைத்தாக எண்ணுதல் பெரும்பிழை.

இச்சலாம் வலிப்பை முதன்முதல் விளங்க எழுதியவர் வில்லியம் ஜேம்ஸ் வெஸ்ட் என்னும் ஆங்கில வைத்தியர். 1841ஆம் ஆண்டில் ‘லான்செட்’ இதழுக்கு அவர் எழுதிய கடிதத்திற் கூறப்பட்ட நோயாளி அவர்தம் சொந்த மகனே. அட்டை விட்டார், பேதிக்குக் கொடுத்தார், ஈறு கீறினார், அபினியும் அளித்தார். ஒன்றும் பயன்படவில்லை. பிற வைத்தியர்களிடம் வழி கேட்டு அத்தந்தை விடுத்த வேண்டுகோளே அக்கடிதம். ஏ.சி.டி.எச். என்னும் ஊசிமருந்து இந்நோய்க்கு உதவுமென்று 1958இல் தான் வெளியாயிற்று. இன்றோ அதனோடு பிரெட்னிசொலோன், விகாபட்ரின் என்பனவும் உள. இவையும் தீங்கற்றனவல்ல: முன்னையது நோயெதிர்க்கும் வலியைக் குறைக்கும், பின்னையது பார்வையின் பரப்பைச் சுருக்குதல் கூடும். எனினும் இவை பெரும்பாலும் சில வாரங்களோ திங்கள்களோ வைத்தியர் கண்காணிப்பிற் கொடுக்கப்படுவன. வலிப்போ, மூளை வளரும் பருவத்தில் நாடோறும் அவ்வளர்ச்சியைத் தடுப்பது. மருந்தின் தீங்கை எண்ணுவோர் காலந்தாழ்த்தலின் தீங்கையும் உடன் எண்ணவேண்டுமென்பதே என் வழக்கு. மனம்போனவாறு மருந்தைத் திடீரென நிறுத்துதலும் அத்தகைய கேடே.

எங்களூர் மகவுக்குப் புதுச்சேரியில் மூளை மின்னலைப் பதிவு செய்து மருந்து தொடங்கினர். இரண்டாம் வாரத்தில் வலிப்பு நின்றது. நகைப்பு இன்னும் முற்றும் மீளவில்லை. அப்பாட்டியார் இப்பொழுது கைக்குழந்தை உள்ள வீடெல்லாஞ் சென்று, “பிள்ளை சலாம் வைத்தால் கைப்பேசியிற் படம் பிடித்து அன்றே டாக்டரிடம் காட்டுங்கள்” என்று சொல்லி வருகின்றார்.