வீங்கிய கையை அழுத்தி உருவலாமா?

“என் மாமியாருக்கு 61 வயது. இரண்டு வருடங்களுக்கு முன் இடது மார்பகத்தில் புற்றுநோய் ஆபரேஷன் நடந்தது. அக்குளில் இருந்த நெறிகளையும் எடுத்துவிட்டு, ரேடியேஷன் கொடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தார். நான்கு மாதங்களாக இடது கை வீங்கிக்கொண்டே வருகிறது. வளையலை வெட்டித்தான் எடுத்தோம். தைலத்தைச் சூடு பண்ணி அழுத்தி உருவினால் நீர் இறங்கிவிடும் என்கிறார்கள். வீடியோக்களிலும் ‘லிம்பாடிக் மசாஜ்’ என்று என்னென்னவோ காட்டுகிறார்கள். நான் என்ன செய்வது? ‘நோய் திரும்ப வந்துடுச்சோ’ என்று அத்தை தூங்குவதே இல்லை.”

- திண்டுக்கல் வாசகி

முதலில் ஒரு விஷயம். தைலத்தை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள். அத்தையை ஆபரேஷன் செய்த டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் இது ‘லிம்பெடீமா’ எனப்படும் நிணநீர் வீக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனாலும் புதிதாக வந்த வீக்கம் என்பதால், ரத்தக்குழாயில் கட்டி அடைத்திருக்கிறதா, நோய் திரும்பியிருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். அத்தையின் பயத்துக்கும் பதில் அங்குதான் கிடைக்கும்.

கை ஏன் வீங்குகிறது?

ரத்தக்குழாய்களிலிருந்து சிறிது நீர் எப்போதும் திசுக்களுக்குள் கசிந்துகொண்டே இருக்கும். அந்த நீரையும் அதில் உள்ள புரதத்தையும் திரும்ப ரத்தத்தில் சேர்ப்பது நிணநீர்க் குழாய்களின் வேலை. கையிலிருந்து வரும் குழாய்கள் பெரும்பாலும் அக்குள் வழியாகத்தான் போகின்றன. கையில் புண் வந்தால் அக்குளில் நெறி கட்டுகிறதே, அந்த நெறிகள்தான் வழியில் உள்ள வடிகட்டிகள். ஆபரேஷனில் அவற்றை எடுத்து, ரேடியேஷனும் கொடுக்கும்போது பாதை குறுகிவிடுகிறது. சிலருக்குச் சில மாதங்களில், சிலருக்குப் பல வருடங்கள் கழித்துக்கூட நீர் தேங்கத் தொடங்கும்.

தேங்குவது வெறும் தண்ணீர் இல்லை, புரதம் கலந்த நீர். கவனிக்காமல் விட்டால் தோலும் அதன் அடிப்பகுதியும் தடித்து இறுகிவிடும். நீர் பிரிய மாத்திரை போட்டும் இந்த வீக்கம் தீராது.

உருவுவது வேறு, நீவுவது வேறு

இதற்கான மசாஜை 1930-களில் உருவாக்கியவர்கள் எமில் வோடர், எஸ்ட்ரிட் வோடர் என்ற டென்மார்க் தம்பதி. நிணநீர்க் குழாய்களில் தொடக்கத்தில் உள்ளவை தோலுக்குச் சற்றுக் கீழேயே, மிக மெல்லியதாக இருக்கின்றன. தசை வலிக்கு அழுத்துவதுபோல் அழுத்தினால் பலன் இல்லை. கசிவு கூடவும் செய்யலாம். அதனால் பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்ட், தோலை மட்டும் லேசாக இழுத்து விடுவதுபோல் மெதுவாக நீவுவார். எண்ணெயும் தேவையில்லை, சூடும் கூடாது.

வரிசையும் முக்கியம். வீங்கிய கையை அவர் முதலில் தொடவே மாட்டார். கழுத்து, மறுபக்க அக்குள், மார்பு, முதுகு என்று ஆரோக்கியமான பகுதியில் வழியைத் திறந்துவிட்டு, பிறகு தோள், மேல்கை, முழங்கை, கடைசியாக விரல்கள் என்று வருவார். சாக்கடை அடைத்திருக்கும்போது மேலே தண்ணீர் ஊற்றி என்ன பயன்? முன்னால் இருக்கும் அடைப்பை எடுத்தால்தானே பின்னால் தேங்கியது நகரும்!

மசாஜ் மட்டும் போதுமா?

போதாது. பெரும்பங்கு வேலையைச் செய்வது அழுத்தக் கட்டு. முதலில் சில வாரங்கள் பல அடுக்குக் கட்டு போட்டு வீக்கத்தைக் குறைப்பார்கள். பிறகு கைக்கு அளவெடுத்த அழுத்த உறையைப் பகலில் போட வேண்டும். மசாஜ் அதற்குத் துணை. ஆரம்ப நிலை வீக்கத்தில்தான் அந்தத் துணை அதிகம் உதவும். நான்கு மாதம் என்பது அப்படியொன்றும் தாமதமில்லை.

‘குடம் தூக்காதே, கையை அசைக்காதே’ என்று சொல்வதும் பழைய கதை. 2009-ல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றில், கை வீக்கம் இருந்த 141 பெண்களில் ஒரு பகுதியினருக்கு, மேற்பார்வையில் சிறுகச் சிறுக எடை தூக்கும் பயிற்சி கொடுத்தார்கள். வீக்கம் கூடவில்லை, தொந்தரவுகள் குறைந்தன. நிணநீரைத் தள்ளுவதில் தசை அசைவுக்கும் மூச்சுக்கும் பெரிய பங்கு உண்டு.

வீட்டில் நீங்கள் செய்யக்கூடியவை

* பிசியோதெரபிஸ்ட்டிடம் நீங்களும் உடன் போய், நீவும் முறையை நேரில் கற்றுக்கொள்ளுங்கள்.
* வாரம் ஒருமுறை இரு கைகளிலும் ஒரே இடங்களில் டேப் வைத்து அளந்து, காலண்டரில் குறித்து வையுங்கள்.
* குளித்ததும் விரலிடுக்கு வரை துடைத்து, மாய்ச்சரைசர் தடவச் சொல்லுங்கள். காய்கறி நறுக்கும்போதும், அடுப்படியில் சூடான பாத்திரம் எடுக்கும்போதும், செடிக்கு மண் கிளறும்போதும் கையுறை நல்லது.
* ஊசி, ரத்தப் பரிசோதனையெல்லாம் முடிந்தவரை வலது கையில்.
* உடல் எடை கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

உடனே மருத்துவமனைக்கு...

கை திடீரெனச் சிவந்து, சூடாகி, வலியோடு காய்ச்சலும் குளிரும் வந்தால் அது தொற்று. தேங்கிய நீரில் கிருமி வேகமாகப் பரவும். அன்றே ஆன்டிபயாடிக் தேவைப்படும். அந்த நேரத்தில் மசாஜே கூடாது. ரத்தக்கட்டு, கட்டுப்பாட்டில் இல்லாத இதயச் செயலிழப்பு இருப்பவர்களுக்கும் கூடாது.

வீடியோக்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். முகம் மெலிய, தொடை மெலிய என்று காட்டப்படுபவை கொழுப்பைக் கரைப்பதில்லை. அவற்றைப் பார்த்து அத்தையின் கையில் சோதனை செய்ய வேண்டாம்.

இந்த வீக்கம் முழுமையாக மறைந்துவிடும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. சர்க்கரை நோயைப்போல தினமும் கவனித்து, கட்டுக்குள் வைத்துக்கொள்ளலாம். இவ்வளவு நாள் கையை முந்தானைக்குள் மறைத்து வைத்துக்கொண்டு, ராத்திரியில் தனியாகப் பயந்துகொண்டிருந்திருப்பார் உங்கள் அத்தை. இந்த வாரமே டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டு, ‘நானும் கூட வர்றேன் அத்தை’ என்று சொல்லுங்கள். சிகிச்சை அங்கேயே ஆரம்பித்துவிடும்.